எள்ளளவு மைசூர்பாகு

கோவையில் அந்த வருடம் நடந்த கல்யாணங்களில் இனிப்பு சின்னதாக இருக்கிறது என்று ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. எல்லார் கண்ணிலும் வில்லை இருந்தது.

அதற்கு முந்தைய காலம் வேறு. நெய்க்குடம் இனிப்பகத்தின் மைசூர்பாகு உள்ளங்கை அளவிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு வந்தது; பிறகு புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. விலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. சனங்கள் முணுமுணுத்தார்கள். உடனே இனிப்பகத்தின் ஆய்வுக்கூடம் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. மனுச மனம் பண்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை; பக்கத்து ஆள் கையில் இருப்பதைவிடத் தன்னுடையது ஒரு விரற்கடை பெரிதாக இருந்தால் அதற்குப் போதும். அப்படிப் பிறந்ததுதான் நிறைவு வில்லை. ஒன்றைக் கண்ணில் பொருத்தினால் நம் துண்டு எதிராளியுடையதைவிடப் பெரிதாகத் தெரியும். இன்னொன்றை மேலண்ணத்தில் ஒட்டினால் வாய் நிறைய ருசிக்கும்.

குமுதாவுக்கு அது வரமாக வந்தது. பாவம், கொழுந்தன் பெண்டாட்டியாகத் தெய்வானை வந்த நாள் முதல், அந்த ஓரகத்தி இலையில் விழும் துண்டே பெரிதென்று வெந்துகொண்டிருந்தவள் அவள்.

நாத்தனார் பாப்பாத்தியின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரை அண்ணன் தம்பி இருவர் வீட்டிலும் கொண்டு வந்தார்கள். பித்தளைத் தட்டுகளைப் பெண்டாட்டிமார் சுமந்து வந்து மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். எவள் தட்டு நிறைந்ததோ அவள் பேச்சு பத்து வருடம் ஊரில் ஓடும். குமுதா பார்த்தாள். தன் தட்டில் மைசூர்பாகு செங்கல் போல அடுக்கியிருந்தது. தெய்வானையின் தட்டில் சில்லு சில்லாய்க் கிடந்தது.

மனசு குளிர வேண்டிய நேரம். ஆனால் தெய்வானையின் முகம் வாடவே இல்லை. ஜெயித்தவள் போல உதட்டோரம் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புதான் குமுதாவை அறுத்தது. இவள் எரியாமல் போனால் தன் தட்டு நிறைந்து என்ன பயன்? தெய்வானை கண்ணிலும் வில்லை இருப்பது அவளுக்குத் தெரியும். தன் கண்ணில் தெரிவது மட்டும் நிஜம் என்று நம்பினாள். எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

சபையில் வில்லையைக் கழற்றுவது மரியாதைக் கேடு. அதனால் தட்டுகளைச் சரிசெய்யும் சாக்கில் அவற்றை எடுத்துக்கொண்டு, தெய்வானையையும் கூட்டிக்கொண்டு, ஆளில்லாத மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மிணி, வில்லையக் கழட்டிப்போட்டு ஒருக்காப் பாரு. உன்ர தட்டும் என்ர தட்டும் ஒண்ணாயிருமா?"

"நானே சொல்லலாம்னு இருந்தேனுங்க்கா. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

இருவரும் கண்ணில் இருந்ததையும் வாயில் இருந்ததையும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

இரண்டு தட்டிலும் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த பித்தளை பளபளத்தது, அவ்வளவுதான். யாருக்கும் வித்தியாசம் தெரியாதபோது எதற்கு மாவும் நெய்யும் என்று இனிப்பகம் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.

முதலில் தெய்வானைதான் சிரித்தாள். குமுதாவுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வரச் சிரித்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காலமும் இந்தத் தோள் இவ்வளவு மெலிந்தது என்று குமுதாவுக்குத் தெரியாது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். தெய்வானையின் தட்டு விளிம்பில் எள்ளளவு மஞ்சள் துணுக்கு, நெய்ப் பளபளப்போடு.

"அதென்ன?"

தெய்வானை குனிந்து பார்த்து, விரல் நுனியில் ஒற்றி எடுத்து, வாயில் வைத்துக்கொண்டாள்.

"நெசமான மைசூர்பாகுங்க்கா," என்றாள் மெதுவாக.

குமுதாவின் கை அந்தத் தோளிலிருந்து இறங்கியது. வில்லையை மாட்டிக்கொண்டு, செங்கல் அடுக்கிய தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். தாலி கட்டும்போதுகூட அவள் நினைப்பு அந்த எள்ளிலேயே இருந்தது.

மறுநாள் இனிப்பகத்துக்குப் புகார் சொன்னாள். சீருக்கு வாங்கிய பெட்டி காலி என்பதை அவள் சொல்லவே இல்லை. ஒரே விலை கொடுத்தும் தன் ஓரகத்திக்கு மட்டும் அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்றாள்.

இனிப்பகம் அதைப் பெரிய முறைகேடாக எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பழைய இயந்திரத்தின் மூலையில் ஒட்டியிருந்த துணுக்கு அது என்றும், அந்த இயந்திரத்தையே கழுவித் துடைத்துவிட்டதாகவும், இனி யார் தட்டிலும் எள்ளளவும் கூடுதலாக விழாது என்றும் உறுதி கூறியது.

விலையை ஏற்றவில்லை. குமுதாவுக்கு நிம்மதியாக இருந்தது.