இளவரசி அளந்த அகழி

தென்னாட்டு வரலாற்றின் போக்கையே தலைகீழாகத் திருப்பியதும், மூன்று தலைமுறைப் புலவர்கள் பாடிப் பாடித் தொண்டை வறண்டதும், பொறித்து வைக்க நல்ல கல் அகப்படாத ஒரே காரணத்தால் இன்றுவரை உலகம் அறியாது போனதுமான மகத்தான நிகழ்ச்சி ஒன்றை இப்போது சொல்லத் தொடங்குகிறோம். அன்புள்ள வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு வர வேண்டும்.

அது பங்குனிப் பௌர்ணமி நாள். மாலைக் கதிரவன் மேற்குக் குன்றுகளுக்குப் பின்னே மறைவதற்குள்ளாகவே கீழ்வானத்தில் பொற்றாம்பாளம் போல் முழுமதி எழுந்து, சங்கணியாற்றின் நீர்ப்பரப்பெங்கும் வெள்ளிச் சரிகை நெய்யத் தொடங்கியிருந்தது. மருத மரங்களின் நிழல்கள் கரையோரம் நீண்டு கிடந்தன. நெடுவாயில் கோட்டையின் கொத்தளங்கள் வானத்தை முட்டுவதாகப் பாவனை செய்துகொண்டு நின்றன. ‘யானையை விழுங்கி ஏப்பம் விடும் அகழி’ என்று அரண்மனைப் புலவர்கள் வாயாரப் புகழும் அகழி, நிலவொளியில் கருநீலப் பட்டெனப் பளபளத்தது. அதன் நடுவே சில கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்துகொண்டிருந்தன.

இந்தக் காட்சியை மேல்மாடச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தார், இளவரசியின் ஆசிரியர் அகளங்கப் பண்டிதர். நெற்றி கொள்ளாத திருநீறு, தோள் கொள்ளாத உத்தரீயம், வயதுக்குப் பொருந்தாத கம்பீரம். அவர் நெஞ்சிலிருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று கிளம்பிற்று. கவிதை பிறக்கப் போகிறது என்று வாசகர்கள் அஞ்ச வேண்டாம். அவருக்குக் கவிதை வராது. இலக்கணமும் வராது. உண்மையில் அவர் பண்டிதரே அல்லர். எதிர்க்கரை அரசன் கண்டராயனுடைய ஒற்றர் படையில் கோளரி என்று பெயர் பெற்ற வீரன் அவன்.

“மதிலின் உயரமும் அகழியின் ஆழமும் தெரிந்துகொண்டு வந்தால் நீ சேனாபதி, வெறுங்கையோடு வந்தால் கழுமரம்” என்று சொல்லி அனுப்பியிருந்தான் கண்டராயன். அவன் சுருக்கமாகப் பேசும் அரசன். கேட்டவை இரண்டும் இப்போது கோளரியின் மனத்தில் பத்திரமாக இருந்தன. இன்று இளவரசியின் கல்வி அரங்கேற்றம் முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறிவிட வேண்டியதுதான். ஆனால் வெளியேற மட்டும் ஏனோ மனம் வரவில்லை.

அவன் இந்தக் கோட்டைக்குள் நுழைந்த கதை எளியது. ‘மூவுலகும் அஞ்சும் முடிமன்னர்’ விடங்கராயரின் நாட்டைக் காலையில் மேயக் கிளம்பிய ஆடு உச்சிவேளைக்குள் சுற்றி வந்துவிடும். எனினும் பட்டத்துக்கு உரியவர் பங்குனிப் பௌர்ணமியன்று அவையில் தம் கல்வியை நிலைநாட்டிய பிறகே முத்திரை மோதிரம் அணியலாம் என்பது அவர் குலத்து வழக்கம். உரியவளோ ஒரே மகள் அமரநங்கை. அவளுக்குப் பாடம் சொல்ல வந்த பண்டிதர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப் போனார்கள். ஒருவர் உரைக்கு உரை எழுதி, அந்த உரையையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். இன்னொருவர் பிரம்போடு வந்தார். பிரம்பை இளவரசி பிடுங்கிக்கொண்ட பின் அவர் அதைக் கேட்டு வாங்கத் துணியவில்லை. மற்றொருவர் கேள்வி எழுமுன்பே விடை சொல்லிவிடுவார். அவரிடம்தான் அமரநங்கை கண்களைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்கக் கற்றாள். ஒன்பது பேர் போன பிறகு, பத்தாவதாக யார் வந்தாலும் சரி என்ற நிலையில், வாயிலில் வந்து நின்றான் கோளரி.

முதல் நாளே இளவரசி கேட்டாள்: “ஆசிரியரே, நிலவு ஏன் தேய்கிறது?”

கோளரிக்குத் தெரியாது. உண்மையான பண்டிதராக இருந்தால், தெரியாவிட்டாலும் நாலு வடமொழிச் சுலோகங்களைச் சொல்லிச் சமாளித்திருப்பார். இவனுக்கு அந்தச் சுலோகங்களும் தெரியாது. வேறு வழியின்றி, “இளவரசி என்ன நினைக்கிறீர்கள்?” என்றான்.

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஒரு விளக்கையும் விளாம்பழத்தையும் வைத்துக்கொண்டு, பழத்தைத் தலையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து, தானே பேசி, தானே மறுத்து, கடைசியில் தானே கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தாள். கோளரியும் அன்றைக்குத்தான் நிலவு தேய்வதன் காரணத்தைத் தெரிந்துகொண்டான்.

அது முதல் அதுவே பாடமுறை ஆயிற்று. அவள் தவறாக ஒரு விடை சொன்னால், அது தவறு என்பது அவனுக்குத் தெரியாது. ஆகவே, “எப்படி வந்தது? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்” என்பான். பாதி சொல்லும்போதே அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திவிடுவாள். சரியாகச் சொன்னாலும் அதே கேள்விதான். மாதங்கள் சென்றன. இளவரசி கணக்கிலும் வானநூலிலும் புலியானாள்.

“பண்டிதரே! உம்முடைய மௌனத்தில்தான் எத்தனை கல்வி!” என்று விடங்கராயர் வியந்தார்.

“எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னர்பெருமானே!” என்றான் கோளரி, வாழ்க்கையில் ஒருமுறையாவது உண்மை பேசுவோமே என்று.

“பார்த்தீர்களா அடக்கத்தை!” என்று அரசர் அவையைப் பார்த்துக் கண் கலங்கினார்.

அயலார் மதில்மீது ஏறக் கூடாது என்பது கோட்டைச் சட்டம். எனவே கோளரி தன் வேலையைப் பாடமாக மாற்றினான். “நிழலை அளந்து மதிலின் உயரம் காண்க.” “கயிற்றில் கல்லைக் கட்டி அகழியின் ஆழம் காண்க.” இளவரசி தோழி நாச்சியை அழைத்துக்கொண்டு கயிறும் கையுமாகப் போனாள். ஈரப் பாவாடையோடு திரும்பி வந்து, “மூன்று ஆள் ஆழம், ஆசிரியரே” என்றாள். அவனுக்குச் சேனாபதிப் பதவியே கையில் விழுந்துவிட்டது போலிருந்தது. “நன்று, நன்று!” என்று சொல்லி ஓலையை மூடச் சொன்னான். அவள் ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு மூடினாள்.

இப்போது வாயிற்புறத்தில் வளையோசை கேட்டது. நாச்சி எட்டிப் பார்த்தாள்.

“என்ன பண்டிதரே, இங்கனயே நின்னா எப்படி? சபை கூடியாச்சு. பரீட்சை அம்மணிக்கா, உங்களுக்கா? வேர்வை உங்களுக்கில்ல ஊத்துது!”

“இளவரசி கலக்கமாக இருக்கிறார்களா, நாச்சி?”

“அவங்களா? பூ முடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பாத்தா பயமா இருக்குது.”

நிலா முற்றத்தில் அவை கூடியிருந்தது. ஓடிப்போன ஒன்பது பண்டிதர்களும் விருந்துக்காகத் திரும்பி வந்திருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அமரநங்கை விடை சொன்னாள். சொன்னதோடு நில்லாமல், அந்த விடை எப்படி வந்தது என்றும் விளக்கினாள். பிரம்புப் பண்டிதர் கேட்ட கேள்வியே தவறு என்று பணிவோடு எடுத்துக் காட்டினாள். அரசர் மோதிரத்தைத் தம் கையாலேயே அணிவித்தார். முரசம் முழங்கியது.

“வழக்கப்படி, மாணவி தன் ஆசிரியரை ஒரு கேள்வி கேட்கலாம்” என்றார் அரசர். “அதன் பின் ஆசிரியருக்குப் பொன்னாடை.”

அமரநங்கை எழுந்தாள். புது மோதிரம் நிலவில் மின்னியது.

“ஆசிரியரே! எல்லாக் கணக்குக்கும் ‘எப்படி வந்தது’ என்று கேட்டீர்கள். அகழிக் கணக்குக்கு மட்டும் கேட்கவில்லை. ஆசிரியருக்கு வழி வேண்டும். ஒற்றனுக்கு விடை போதும். தாங்கள் அன்று யாராக இருந்தீர்கள்?”

கோளரி உத்தரீயத்தை உதறி எறிந்தான். ஒரே பாய்ச்சலில் படிக்கட்டை அடைந்து மதில்மீது ஏறினான். “பிடியுங்கள்!” என்று அரசர் அலறினார். யார் முதலில் பிடிப்பது என்பது பதவி வரிசைப்படி முடிவாக வேண்டியிருந்ததால், காவல் தலைவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அமரநங்கை மதிலுக்கே வந்துவிட்டாள்.

“அன்றைக்கே தெரிந்துமா பேசாதிருந்தீர்கள்?” என்றான் கோளரி மூச்சிரைக்க. “ஏன், இளவரசி?”

“உம்மைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அப்பா பதினோராவது பண்டிதரைக் கொண்டுவந்திருப்பாரே!”

“அவ்வளவுதானா?”

அவள் சற்றே தலை குனிந்தாள். “நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டவர் நீர் ஒருவர்தாம்” என்றாள்.

கோளரியின் உள்ளத்தில் கண்டராயனும் கழுமரமும் சேனாபதிப் பதவியும் ஒருங்கே சரிந்து விழுந்தன.

“இந்த முழுமதி சாட்சியாகச் சபதம் செய்கிறேன்!” என்று முழங்கினான். “இந்தக் கோட்டையின் இரகசியம் ஒன்றையும் கண்டராயனிடம் சொல்லேன். ஒருநாள் என் சொந்தப் பெயரோடு, தலைவாயில் வழியே வந்து உம் கரம் பற்றுவேன்!”

“அகழியின் ஆழத்தை மட்டும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்” என்றாள் அமரநங்கை. “குதிப்பதற்கு முன் ஒருமுறை கணக்கைச் சரி பார்க்கக் கூடாதோ?”

“என் மாணவியின் கணக்கிலா ஐயம்?”

“அது சரி. நாளைப் பாடம் காலையிலா, மாலையிலா?”

பேதைப் பெண், பிரிவுத் துயரில் பிதற்றுகிறாள் என்று அவன் மனம் உருகிற்று. கண்களில் நீர் மல்க, கைகளை வானோக்கி உயர்த்தி, இரையைக் கண்ட இராஜாளி போலவும் இலக்கு நோக்கிப் பாயும் கணை போலவும் நிலவொளியில் ஒரு கணம் தோன்றி, ஆயிரம் ஆண்டுகள் புலவர்கள் பாடத்தக்க அழகோடு, அந்த மூன்று ஆள் ஆழ அகழியை நோக்கிக் கோளரி பாய்ந்தான்.

அகழியில் முழங்கால் அளவு தண்ணீரும் இடுப்பளவு சேறும் இருந்தன.