கழித்த பின் மிஞ்சியது

மழை ஓயாத மதியம். தீவின் மரைன் ஹில்லில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு மீனவர் அந்தோணிமுத்துவை மகள் ரீத்தா ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தாள். அவர் வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பலூனாக வீங்கியிருந்தது. எந்த நேரமும் வெடிக்கலாம். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. புயல்.

"தொடையில சின்ன ஓட்டைதான்" என்றார் டாக்டர் சௌமியா. "அது வழியா கம்பி விட்டு, வீக்கத்துக்குள்ள ஒரு குழாய் வெச்சிடுவேன். மயக்க மருந்துகூட வேண்டாம். மூச்சை மட்டும் பிடிச்சுக்கணும்."

"வந்ததுல இருந்து பச்சத்தண்ணி தரல. இப்ப மூச்சும் விடக்கூடாதா? நல்ல ஆஸ்பத்திரி மேடம்!" என்றார் அந்தோணிமுத்து.

எக்ஸ்ரே இயந்திரத்தில் டெக்னீஷியன் யோகராஜ். ரத்தக்குழாயைக் காட்டும் சாய மருந்தை ஏற்றுமுன் ஒரு படம், ஏற்றியபின் ஒரு படம். இரண்டாவதிலிருந்து முதலாவதை இயந்திரம் கழித்துவிடும். எலும்பும் சதையும் மறையும். புதிதாக வந்தது கருப்பாகத் தெரியும். முதல் படத்தில் இருந்த இடத்தைவிட்டுப் போனது வெள்ளையாகத் தெரியும்.

படம் விழுந்தது. கருப்பாக ரத்தக்குழாய். அதன் வீக்கம்.

வீக்கத்தைப் பற்றியபடி ஐந்து விரல்கள்.

"அண்ணே, அசைஞ்சீங்களா?"

"நஹி, இல்ல தம்பி. கட்டை மாதிரி கெடக்கேன்."

"அசைஞ்சிருப்பாரு" என்றார் சௌமியா. "முதல் படத்தைத் திரும்ப எடு."

எடுத்தான். விரல்கள் இல்லை. சௌமியா கம்பியை மேலேற்றி, குழாயை விரித்தார்.

யோகராஜ் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம்... புது முதல் படத்துலயே அது இருந்திருந்தா? அதையும் சேர்த்துக் கழிச்சிருக்கும். அசையாத வரைக்கும் நமக்குத் தெரியாதே."

"வேலையைப் பாரு, யோகராஜ்." குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. "வெளியில ரீத்தாகிட்ட சொல்லச் சொல்லு, அப்பா பிழைச்சிட்டாருன்னு. கடைசியா ஒரு படம்."

அழுகிய பாசியின் வாடை அறையில் பரவியது.

படம் விழுந்தது.

வயிற்றில், வெள்ளையாக, ஐந்து விரல்கள்.

அது அங்கிருந்து கிளம்பிவிட்டது.

"எங்க போச்சு?" என்றார் சௌமியா.

திரையின் மேல் விளிம்பைக் காட்டினான் யோகராஜ். இதயத்தின் அடியில், கருப்பாக.

"மேடம்... நெஞ்சுக்குள்ள ஐஸ் வெச்சாப்ல..." அந்தோணிமுத்து முடிக்கவில்லை.

மானிட்டரில் கோடு நேரானது. நெஞ்சை அழுத்தினார்கள். ஷாக் கொடுத்தார்கள். பலனில்லை. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ரீத்தா இன்னும் சிரித்த முகத்தோடு நின்றாள்.

சௌமியா கம்பியை வெளியே எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

அந்த உடம்புக்குள்ளிருந்து யாரோ அதை மெல்ல இழுத்தார்கள்.