தலை மாற்றிய பலகை

டொக்.

கால்வாய்க்கு அக்கரையில் கொட்டாப்புளி மரச்சுத்தியல் ஓங்கி விழுந்த அதே நொடியில், ஓதோசேயின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் நழுவி உடைந்தது. சூடு பட்ட பாதம் எரிந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் எல்லாம் மரத்துப்போயிருந்தது.

அக்கரையில் இருப்பது கன்பெய்யின் பட்டறை. அச்சுப் படங்களுக்கு மரப்பலகை செதுக்குகிறவர். போன வசந்தத்தில் ஓதோசேயின் படத்தையும் அவர்தான் செதுக்கினார். அச்சாகி வந்த தாளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஓவியர் எல்லாப் பெண்களுக்கும் போடும் அதே நீள முகம், கீறல் போன்ற கண், அரிசிமணி வாய். மூலையில் இருந்த பெயர் மட்டும்தான் அவளுடையது. ஆனாலும் எடோ நகரமே அந்தப் பெண்ணைப் பார்க்க, அவள் வேலை செய்யும் தேநீர்க்கடைக்குத் திரண்டு வந்தது. வந்தவர்கள் ஏமாறக் கூடாதே என்று வெள்ளைப் பூச்சைத் தடிமனாக்கினாள். உதட்டைச் சின்னதாக வரைந்தாள். தாளில் இருந்தபடியே தலையைச் சாய்த்துப் பழகினாள். இப்போது பூச்சைக் கழுவினாலும் பழைய முகம் நினைவுக்கு வருவதில்லை.

டொக். டொக்.

மழைக்காலத்து மதியம். ஈரப் பாயின் வாடை. பெஞ்சில் இருந்த படகோட்டி, மடித்து வைத்திருந்த அவள் படத்தைப் பிரித்துக் காட்டினார்.

"ஏம்மா, இவ இன்னிக்கு வரலியா?"

"அது நான்தாங்க."

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நல்லாக் கதை விடுறே."

கடைக்காரி ஒகுமா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு வருடமாக ஒரே தட்டில் ஊறுகாயைப் பங்கிட்டுத் தின்றவள்.

"யாருடி நீ? ஓதோசே கிமோனோவைப் போட்டுக்கிட்டு நிக்கறே?"

ஓதோசேவுக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். பாதி வழியில் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்குத் தெரிந்தது. கன்னத்துக்குத் தெரியவில்லை.

விரல் மேலே போனது. மூக்கு இல்லை. வழவழப்பு. இழைத்த பலகை போல.

டொக்.

பட்டறையில் கன்பெய் முதுகு காட்டிக் குனிந்திருந்தார். அவர் முன்னால் அவளுடைய பலகை. அலை போட்ட அவள் கிமோனோ. தட்டு ஏந்திய அவள் கை. தலை இருந்த இடத்தில் ஒரு சதுரக் குழி. அதில் புதுக் கட்டையைச் செருகி அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரானாலும் அங்கேயே நில்லு. ஈரக் காலோட உள்ளே வராதே."

"மேஸ்திரி, என் தலை..."

"ஓ, ஓதோசேவா? குரல் என்ன இப்படி அடைச்சுக் கிடக்கு?" அவர் திரும்பவில்லை. "உன் பேரு பழசாயிடுச்சும்மா. கிமோனோ செதுக்கவே நாப்பது நாளாச்சு, அதை வீணாக்குவாங்களா? தலையை மட்டும் தோண்டிட்டு இனிப்புக்கடைப் பொண்ணைச் செருகச் சொல்லிட்டாங்க, படம் போட்டு விக்கிறவங்க. எப்பவும் நடக்கறதுதான்."

"தோண்டினதைக் குடுத்துடுங்க. எனக்கு அது வேணும்."

"அதுக்கென்ன, தாராளமா எடுத்துட்டுப் போ." அவர் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏய், அந்தப் பழைய தலை எங்கே?"

அடுக்களையிலிருந்து புகை வந்தது. முடி கருகும் வாடை.

மரத்துக்கிடந்த கன்னத்தில் முதல்முறையாக ஏதோ உறைத்தது.

வெதுவெதுப்பு.

சூடு.

"அப்பவே அடுப்புல போட்டுட்டேங்க," என்றாள் கன்பெய்யின் மனைவி. "நல்லாக் காஞ்ச மரம்தான். ஆனா கண்ணு ரெண்டுலயும் தண்ணி கசியுது."