கைதட்டுங்கள், மூச்சு நிற்கிறது!

மேடையில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்!

சிவப்புக் கம்பளத்தில் மல்லாந்து கிடந்தார் தலைவர். ஊருக்குள் டைல்ஸ் கடை முதலாளி. இந்த வருஷம் சேவைச் சங்கத்துக்குத் தலைவர். ஒரு கை கழுத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இன்ஹேலரை வாய்க்குள் திணித்து அழுத்தியது... அழுத்தியது... மறுபடியும் அழுத்தியது.

கண்கள் பிதுங்கின. கால்கள் கம்பளத்தை உதைத்தன.

"ஆஹா! என்னா நடிப்புய்யா!"

"தலைவரே, கடையை இழுத்து மூடிட்டு சினிமாவுக்குப் போயிடுங்க!"

சிரிப்பு.

புதன்கிழமை சாயங்காலம் என்றால் சங்கத்தில் எல்லாம் வரிசைப்படி நடக்கும். தலைவர் மணி அடிப்பார். உறுதிமொழி. ஒரு விருந்தினர் பேசுவார். அவருக்கு ஒரு சால்வை, ஒரு போட்டோ. பிறகு டிபன். இந்த வாரம் 'மூச்சுத்திணறலுக்கு முதலுதவி'. பேச வந்தவள் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ். சங்கச் செயலாளரின் சொந்தத் தங்கை.

தலைவருக்கு நிஜத்திலேயே வீசிங் உண்டு. அதனால்தான் நோயாளியாகப் படுக்க அவரையே இழுத்து விட்டார்கள்.

நர்ஸ் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். உதட்டைப் பார்த்தாள்.

நீலம்!

"ஐயோ! இது நடிப்பு இல்லீங்க! நிஜமாவே மூச்சு நிக்குது! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

கைதட்டல் இரட்டிப்பானது!

"பாருய்யா! தங்கச்சி அவரையே தூக்கிச் சாப்பிட்டுடும் போல!"

கழுத்தில் கேமராவோடு முன்வரிசையில் நின்ற செயலாளர் பெருமையில் பூரித்துப் போனார். மெயின் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்த வருஷத் தலைவர் பதவிக்குக் கண் வைத்திருப்பவர். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள்... கூரை அதிர்ந்தது!

"டேய்...! அண்ணா...!"

நர்ஸின் அலறல்.

விசில் பாதியில் செத்தது.

பிறந்ததிலிருந்து தங்கை அவரை 'டேய்' என்று கூப்பிட்டதே கிடையாது.

அந்த ஒற்றை வார்த்தையில்தான் செயலாளருக்கு உறைத்தது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாகத் தட்டியவர் தன் கையையே ஒரு மாதிரி பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இவரோட இன்ஹேலர் எங்கே? இது என்னோட டம்மி! இதுல மருந்தே இல்ல! யார் மாத்தினது?"



*

ஆஸ்பத்திரி வராந்தா.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடியிருந்தது. எதிரே நீளமான பெஞ்சு. அதில் ஒரே மாதிரி நீல கோட்டுப் போட்ட சங்கத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன்கள் மாதிரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஓரமாக நின்ற தலைவரின் மனைவி செயலாளரிடம் வந்தாள். கையில் கணவரின் செருப்பு.

"தம்பி, நீங்கதானே அவருக்குப் பக்கத்துல இருந்தீங்க?"

"ஆமாங்க அண்ணி."

"கடைசியா என்ன சொன்னாரு?"

 கடைசியாக அவர் சொன்னது, 'எங்கே பார்க்கணும்? கேமராவையா, உன்னையா?'

"உங்களைத்தான் கேட்டாரு அண்ணி."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொய் சொன்ன நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவருக்கு.

பூட்ஸ் சத்தம்.

பெண் இன்ஸ்பெக்டர். நெற்றியில் வியர்வை, குரலில் சலிப்பு. பிளாஸ்டிக் கவருக்குள் பளபளவென்று ஒரு நீல இன்ஹேலர். நேராக நர்ஸிடம் வந்தாள்.

"இது யாரோடதும்மா?"

"என்னோடதுதான் மேடம். சொல்லிக்குடுக்கறதுக்குன்னே இருக்கற டம்மி. அழுத்தினா வெறும் காத்துதான் வரும்."

"அது எப்படி அவர் கைக்குப் போச்சு?"

"தெரியல மேடம். அவர் தன்னோடதைத்தான் கையில வச்சிருந்தார். 'அதை மட்டும் கீழ வைக்காதீங்க சார்'னு நானே சொன்னேன். போர்டுல நுரையீரல் படம் வரையத் திரும்பினேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள நிஜம் போயி டம்மி வந்துடுச்சு. மேஜிக்!"

"மேடம்..."

"டம்மி உங்களோடது. பக்கத்துல இருந்தது நீங்க. நிஜ இன்ஹேலர் ஹால் பூராத் தேடியும் காணோம். உள்ள இருக்கறவர் பிழைச்சா உங்க வேலை மட்டும் போகும். பிழைக்கலைன்னா..."

இன்ஸ்பெக்டர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

நர்ஸின் முகம் வெளுத்தது. அவளுடைய சம்பளத்தில் இரண்டு குழந்தைகள் படிக்கின்றன. புருஷன் விட்டுவிட்டுப் போனவன். 'எனக்கு மேடையில எல்லாம் பேச வராதுண்ணா' என்று எவ்வளவோ மறுத்தவளை வம்படியாக இழுத்து வந்தவர் அண்ணன்தான்.

செயலாளர் துள்ளி எழுந்தார்.

"மேடம்! என் தங்கச்சி ஒரு பாவமும் அறியாதவ! பிடிக்கணும்னா இவரைப் பிடிங்க!"

நீட்டிய விரல் துணைத் தலைவரின் மூக்கை இடித்தது. தொழிலால் வக்கீல். வழுக்கை பளபளக்க அவர் நிமிர்ந்தார்.

"யோவ், விரலை எடுய்யா!"

"தலைவரைப் படுக்கச் சொன்னதே இவர்தான் மேடம்! முதல் கைதட்டும் இவரோடதுதான்! போன வாரம் கூட்டத்துல, 'உங்க மூச்சு நின்னாத்தான் இந்தச் சங்கம் உருப்படும்'னு எல்லார் முன்னாடியும் சொன்னார்!"

"அடப்பாவி! ஒரு மணி நேரமா மைக்கைக் குடுக்காம அறுத்தார், டிபன் ஆறிப்போச்சு, அந்தக் கடுப்புல சொன்னது!" வக்கீல் கொதித்தார். "நான் கைதட்டினேன், சரி. இங்க உட்கார்ந்திருக்கற எவன் தட்டல? நீ விசிலே அடிச்சியே, அதையும் மேடம் கிட்டச் சொல்லேன்!"

பெஞ்சில் எல்லாத் தலைகளும் குனிந்தன.

"விசிலா?" இன்ஸ்பெக்டர் செயலாளரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல சேவை சார் உங்களோடது."

செயலாளருக்குக் குப்பென்று வியர்த்தது. கர்ச்சீப்புக்காகக் கோட்டுப் பைக்குள் கை விட்டார்.

கர்ச்சீப் தட்டுப்பட்டது.

அதற்கு அடியில் வேறொன்றும் தட்டுப்பட்டது!

கெட்டியாக. வளைவாக. பிளாஸ்டிக்காக...

கை உள்ளேயே உறைந்தது.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. பார்க்க வேண்டியதே இல்லை.

'தலைவரே, என்ன இது, பழைய டூத்பிரஷ் மாதிரி? பிளாஸ்திரி வேற ஒட்டி வச்சிருக்கீங்க! போட்டோவுல அசிங்கமா விழும். இந்தாங்க, இதைப் பிடிங்க. புதுசா, பளிச்சுன்னு இருக்கு.'

அவரே சொன்னது. தங்கையின் பையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தது. பழையதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டதும் அவரே! சங்கத்தில் போட்டோ என்றால் இதுதான் வழக்கம்; அதனாலேயே அந்தக் களேபரத்தில் சுத்தமாக மறந்தும் போயிருந்தது. தையல் மெஷின் கொடுத்தால் கிழவியின் புடவையைச் சரி செய்வார். சைக்கிள் கொடுத்தால் பையனைத் தலை வாரச் சொல்வார். படத்தில் எது நன்றாக இருக்குமோ, அது. மற்றதெல்லாம் பைக்குள்.

அதோடு விட்டாரா? வெறும் தரை படத்தில் எடுக்காது என்று, ஸ்டோர் ரூமில் வருஷக்கணக்காகச் சுருண்டு கிடந்த சிவப்புக் கம்பளத்தையும் விரிக்கச் சொன்னார். அதிலிருந்து எழும்பிய தூசு போதாதா, வீசிங்காரனின் நெஞ்சை அடைக்க?

கொலைகாரன் என்று யாருமில்லை.

ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால்? தலைவர் பதவிக் கனவு போகும். கடை போகும். ஊர் சிரிக்கும். ஜெயில்கூட!

பக்கத்து நாற்காலியில் ஒரு நீல கோட்டு தொங்கியது. புழுக்கம் தாங்காமல் வக்கீல் கழற்றிப் போட்டது.

பாருங்கள், மனுஷனின் கை எவ்வளவு வேகமானது! மூளை 'வேண்டாம்' என்று சொல்வதற்குள் அது வேலையை முடித்துவிட்டது.

"மேடம்..." செயலாளரின் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "எல்லாரோட பையையும் சோதனை போட்டுப் பாருங்களேன்..."

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கோட்டாக உதறினாள். வக்கீலின் கோட்டில் கைவிட்டாள்.

பிளாஸ்திரி ஒட்டிய பழைய இன்ஹேலர்!

வராந்தாவே மூச்சை இழுத்துக்கொண்டது.

"நடங்க வக்கீல் சார்."

வக்கீல் எழுந்தார். செயலாளரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடந்தார்.

செயலாளர் பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் தங்கை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை!

"அண்ணா, நீ மட்டும் இல்லைன்னா இன்னிக்கு நான் தொலைஞ்சிருப்பேன்."

"விடும்மா..."

"உன்னைப் போயி அத்தனை பேர் முன்னாடி 'டேய்'னு கூப்பிட்டுட்டேன். மனசுல வச்சுக்காதேண்ணா. மன்னிச்சுடு."

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பார்.

மன்னிச்சுடு என்கிறாளே!

கையை உருவிக்கொண்டார். எழுந்தார். ஏறக்குறைய ஓடினார்.

*

ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து வாசலுக்கு ஓடியவரின் கால்கள் கேன்டீன் பக்கத்தில் பிரேக் போட்டன.

உள்ளே இன்ஸ்பெக்டரும் வக்கீலும் எதிரெதிரே. நடுவில் இரண்டு காபி!

"மேடம்!" மூச்சிரைத்தது. "இவர் இல்ல மேடம். நான். போட்டோவுக்காக இன்ஹேலரை மாத்தினது நான். இவர் கோட்டுல போட்டதும் நான்தான். என்னைக் கூட்டிட்டுப் போங்க. என் தங்கச்சியை மட்டும் விட்டுடுங்க..."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தாள். பிறகு வக்கீலைப் பார்த்தாள்.

"வந்துட்டார் சார். நீங்க ஜெயிச்சீங்க."

செயலாளருக்குப் புரியவில்லை.

"உட்காருய்யா," என்றார் வக்கீல். "பக்கத்து நாற்காலியில என் கோட்டு இழுபட்டது எனக்குத் தெரியாதா? அடுத்தவன் பையில கை விடறது எங்க தொழில்யா. எங்க பையில ஒருத்தன் விட்டா கண்டுபிடிக்க மாட்டோமா?"

"அப்ப ஏன் அங்கேயே..."

"காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள நீயே வருவேன்னு மேடம் கிட்டச் சொன்னேன். அவங்க நம்பல. எனக்கும் பாதி நம்பிக்கைதான்." கடைசி மடக்கைக் குடித்தார். "உன்னைத் திட்டணும்னுதான்யா இருக்கு. ஆனா முதல் கைதட்டு என்னோடதாச்சே. எந்த வாயால திட்டறது?"

செயலாளர் மேஜையில் முகத்தைக் கவிழ்த்தார்.

"அழறதெல்லாம் அப்புறம் சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "கேஸ் உண்டு. கவனக்குறைவுக்கு ஒண்ணு. கோட்டுல போட்டதுக்குத் தனியா ஒண்ணு."

"நான் ஆஜராக மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்," என்றார் வக்கீல்.

அப்போதுதான் கேன்டீன் வாசலில் தங்கை நிற்பதைப் பார்த்தார் செயலாளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? அவள் முகமே சொன்னது. எல்லாம் கேட்டாகிவிட்டது.

"அம்மாடி..."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தலைவர் கண்ணைத் திறந்துட்டார். உங்களைப் பார்க்கணுமாம்."

உங்களை! வீட்டில் 'நீ' என்று கூப்பிடுகிறவள்.

*

தலைவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். மார்பு ஏறி இறங்கியது. சத்தத்தோடுதான், ஆனால் இறங்கியது.

செயலாளர் கட்டிலின் கால்மாட்டில் மண்டி போட்டார். நடந்தது அத்தனையும் கொட்டினார். தூசுக் கம்பளம். பளபள டம்மி. பைக்குள் போன உயிர். விசிலைக்கூட விடவில்லை.

"என்னைச் செருப்பால அடிங்க தலைவரே."

தலைவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"முதல் தடவை அழுத்தும்போதே... தெரிஞ்சுடுச்சுய்யா... வெறும் காத்துதான் வருதுன்னு..."

செயலாளர் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார்.

"தெரியுமா? அப்ப உடனே என் பையில இருந்ததைக் கேட்டிருக்கலாமே! அப்ப உங்களால பேச முடிஞ்சுதே! ஏன் தலைவரே கேட்கல?"

தலைவர் வெட்கத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீதான்யா 'அசையாதீங்க, எடுக்கப் போறேன்'னு சொன்னே... போட்டோ முடியட்டும்னு... இருந்துட்டேன்..."

 வக்கீல் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டாள்.

தலைவர் மெல்லத் திரும்பினார். ஓரக்கண்ணால் நர்ஸைப் பார்த்தார். ரகசியமாகக் கேட்டார்.

"ஏம்மா... போட்டோ... நல்லா வந்திருக்கா?"

நர்ஸ் அவர் முகத்தில் மாஸ்க்கைச் சரியாகப் பொருத்தினாள். ஒரு கையை ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகில் வைத்தாள். சொன்னாள்.

"சுமார்தான் சார். இதை மூடிடட்டுமா? இன்னொரு தடவை எடுத்துடலாம்!"