வியர்த்த துப்பாக்கி

நாய் குரைக்கவில்லை. ஓபலுக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஆற்றுப் பக்கமிருந்து பனியை நொறுக்கிக்கொண்டு காலடிச் சத்தம் வருகிறது. காட்டில் வைத்த பொறிகளைப் பார்க்கப் போன புருஷன் மெர்ல் திரும்புகிற நேரம்தான். அவன் வந்தால் காட்டையே கூட்டிவிடும் நாய், இன்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

மெர்லும் சும்மா வருகிற ஆளில்லை. ஆற்றுத் திருப்பத்திலேயே, "கிழவி, காப்பி இருக்கா, இல்ல நீயே குடிச்சுத் தீத்துட்டியா?" என்று கத்திவிட்டுச் சிரிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அதே கிண்டல். இன்று குரலே இல்லை. அலாஸ்காவின் டிசம்பர், பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. அடுப்பில் விறகு வெடித்தது, காய்கிற கம்பளியின் வாடை அறையெங்கும் மண்டியிருந்தது, அந்தக் காலடி மட்டும் வாசலுக்கு வராமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

குளிர்ந்த முன்னறையில், ஆணியில் ஒற்றைக்குழல் துப்பாக்கி தொங்கியது. மலிவுச் சரக்கு, ஒரு தோட்டா, ஒரு வெடி, அவ்வளவுதான். வீட்டருகே கரடி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடு, சத்தம் கேட்டால் நான் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுகிறேன் என்று மெர்ல் சொல்லி வைத்திருந்தான். ஓபல் அதை எடுத்து, தோட்டா போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்போரம் வந்து உட்கார்ந்தாள்.

பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது? உறைந்த துப்பாக்கியைச் சூட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று அந்த வட்டாரத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சூடு பட்டதும் குழல் வியர்த்து நனைந்தது. தன் உள்ளங்கை வியர்வை என்று நினைத்துப் பாவாடையில் துடைத்தாள்.

"கிழவி, காப்பி இருக்கா."

ஜன்னலருகே. மெர்லின் குரல்தான். சிரிப்பு மட்டும் இல்லை.

துப்பாக்கியோடு முன்னறைக்குப் போய் வெளிக்கதவைப் பார்த்து நின்றாள். காலடி கதவுக்கு வந்தது. நின்றது. மூச்சு கேட்டது. உரித்த தோலின் ஈர வாடை கதவிடுக்கில் வந்தது. கால் மரத்துப்போகும்வரை அவள் அசையவில்லை.

அப்போது தூரத்தில், ஆற்றுத் திருப்பத்தில்: "கிழவி, காப்பி இருக்கா, இல்ல நீயே குடிச்சுத் தீத்துட்டியா?" கூடவே அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு.

ஐயோ, இதுதான் மெர்ல். அவனை நிறுத்த வேண்டும். கூரையைப் பார்த்துக் குழலைத் தூக்கி விசையை இழுத்தாள்.

டக்.

மறுபடி. டக். உள்ளே இறங்கிய ஈரம் முன்னறைக் குளிரில் உறைந்து, தோட்டாவைத் தட்டும் ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மெர்ல்!" என்று அலறினாள்.

"மெர்ல்!" கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய குரலிலேயே. "காப்பி சூடா இருக்கு. சீக்கிரம் வா."

"வந்துட்டேன்டி," என்றான் மெர்ல், ஆசையாக.

ஓபல் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கதவருகே இருந்த காலடி ஆற்றை நோக்கிப் போனது. அவசரமேயில்லாமல். எதிரே மெர்லின் காலடி. நெருங்கின. நின்றன.

பிறகு ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

வாசல்படியில் பனியைத் தட்டியது. முதலில் இடது கால், பிறகு வலது, மெர்ல் தட்டுவது போலவே.

"கிழவி, காப்பி இருக்கா, இல்ல நீயே குடிச்சுத் தீத்துட்டியா?"

இந்த முறை சிரிப்பும் இருந்தது. தாழ்ப்பாள் மெல்ல உயர்ந்தது.