அந்தமானுக்கு ஒரு செய்வினை!

"வீ...ல்!"

காலை ஒன்பது மணிக்கு எழுந்த அந்த அலறல், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த பஸ்ஸுக்குள்ளும் கேட்டது.

அலறியவள் ஞானாம்பாள். வயது அறுபத்தெட்டு. குரலுக்கு மட்டும் இருபது.

சோற்றுக்கு அரிசி அளக்க டின்னுக்குள் கையை விட்டவளுக்குத் தட்டுப்பட்டது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்தாள்.

உள்ளே... சேவல் இறகு... ஆட்டு முடி... சிவப்பு நூல்... கண் மாதிரி கறுப்புப் பாசிமணி. ஒவ்வொன்றிலும் ஒரு கூரான முள்!

"செய்வினை! யாரோ எனக்குச் செய்வினை வெச்சுட்டாங்க!"

வேறு யாராக இருந்தாலும் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். ஞானாம்பாள் போலீஸைக் கூப்பிட்டாள். 'கொலை முயற்சி' என்றாள். அப்போதுதானே ஜீப் வரும்!

வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பூவிழி குதித்து இறங்கினாள்.

"பாடி எங்க?"

"நான்தாம்மா பாடி! இன்னும் ஆகல... ஆகப்போறேன்!"

பூவிழி பெருமூச்சு விட்டாள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது தூண்டில் முள்ளு. உங்க வீட்டுக்கு மீன் கொண்டு வர்றது யாரு?"

"சுந்தரி! நாகூர்லேருந்து வருவா. போன வாரம் மீன் நாறுதுன்னேன். 'நீங்க நல்லா இருப்பீங்களா'ன்னு கேட்டுட்டுப் போனா!"

"அம்மா... மீனு..!"

வாசலில் குரல். கெட்ட நேரம் என்றால் இப்படித்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு வரும். சுந்தரியே வந்து நின்றாள்!

பெட்டியைக் காட்டியதும் அவள் கூடையை இறக்கினாள்.

"மேடம், எங்க வீட்ல நாலு தலைமுறையா கடலுக்குப் போறாங்க. இறகையும் முடியையும் தின்ற மீன நான் பாத்ததே இல்ல. இது மீனுக்கு வெச்சதில்ல... மனுஷனுக்கு வெச்சதுதான். ஆனா நான் வைக்கல!"

"அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. ஜீப்ல ஏறு."

கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒருவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

சதீஷ். ஞானாம்பாளின் ஒரே மகன். பெட்டி அவனுடையது!

எட்டு மாதத் திட்டம் அது. அந்தமான் தீவுகளில் ஃப்ளை ஃபிஷிங்... இறகில் கட்டிய போலிப் பூச்சியைக் காட்டி மீன் பிடிக்கும் விளையாட்டு. டூர் கம்பெனி கிடையாது. கைடு கிடையாது. எல்லாம் அவனே! சாட்டிலைட் மேப்பில் முழங்கால் ஆழக் கடலைத் தேடினான். எந்த நாளில் காலையில் நீர் வற்றும் என்று கணக்குப் பார்த்து ஐந்து நாள் குறித்தான். மீனவர் வீட்டில் ஓர் அறை பேசினான். வயல் வேலை முடிந்த மாலைகளில், மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுபத்திரண்டு போலிப் பூச்சிகளைத் தன் கையாலேயே கட்டினான்.

இன்று மாலை ரயில். நாளை சென்னையிலிருந்து விமானம். வீட்டில் சொன்னதோ, 'கோயம்புத்தூர்ல அறுவடை மெஷின் பாக்கப் போறேன்.'

உண்மையைச் சொன்னால் அந்தமான் அம்போ. சொல்லாவிட்டால் சுந்தரி ஜீப்பில்... பெட்டி நெருப்பில்! அதைக் கொளுத்த ஞானாம்பாள் வாசலிலேயே வைக்கோலைப் பற்றவைத்துக் காத்திருந்தாள்.

சுந்தரி ஜீப்பில் கால் வைத்தாள். அவள் கண்ணில் நீர் திரண்டது. சதீஷுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மேடம்! அவங்கள விடுங்க. அது என்னுது... நான்தான் கட்டினேன்!"

"அடப்பாவி! பெத்த தாய்க்கே செய்வினையா?!"

"ஐயோ அம்மா! இது மீனை ஏமாத்தற பூச்சி! அந்தமானுக்குப் போறதுக்காகக் கட்டினது..."

மொத்தத்தையும் கொட்டினான். பூவிழி அசரவில்லை.

"எந்த மீனும் இதைத் தின்னாதுன்னு இந்த மீன்காரம்மா சொல்றாங்க. நீங்க தின்னும்ங்கறீங்க. நான் யாரை நம்பறது?"

"குளத்துக்கு வாங்க மேடம். காட்டறேன்!"

தெருவே திரண்டு குளத்துக்குப் போனது. சதீஷ் நான்கு துண்டுத் தூண்டில் கம்பைப் பொருத்தினான். மஞ்சள் தூண்டில் கயிறு தலைக்கு மேல் முன்னும் பின்னும் பறந்தது.

முதல் வீச்சு... முள் மாட்டிப் பூவிழியின் தொப்பி குளத்தில் விழுந்தது!

"இதுக்கும் ஒரு செக்‌ஷன் இருக்கு சார்."

இரண்டாவது... ஒன்றுமில்லை. மூன்றாவது... அல்லித் தண்டில் மாட்டியது.

"விலங்கை மாட்டும்மா!" என்றாள் ஞானாம்பாள்.

நான்காவது...

'களக்!'

தண்ணீர் வெடித்தது. கம்பு வளைந்தது!

"விரால் தம்பி, விரால்! இழுக்காத! கயித்த விடு... இப்ப சுத்து!" சுந்தரி கேஸை மறந்து கரையில் குதித்தாள்.

ஐந்து நிமிடப் போராட்டம். விரால் கரைக்கு வந்தது. அதன் வாயில் சேவல் இறகு! ஊரே கைதட்டியது.

சதீஷ் முள்ளைக் கழற்றினான். மீனைப் பக்குவமாகத் தண்ணீரில் விட்டான்.

"அடப் பாவி மனுஷா! ஒண்ணரைக் கிலோ!" சுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த விளையாட்டுல அப்படித்தான்க்கா. பிடிச்சதும் விட்டுடணும்."

"விடறதுக்கா அந்தமான் வரைக்கும் போறீங்க?" பூவிழி சொட்டச் சொட்டத் தொப்பியைப் பிழிந்தாள். "சரி... ஒரே ஒரு கேள்வி. பெட்டியை எங்க வெச்சிருந்தீங்க?"

"பரண்மேல. டிரங்குப் பெட்டில. பூட்டி."

"அப்ப அரிசி டின்னுக்கு அதுவா நடந்து வந்துச்சா?"

சதீஷ் அம்மாவைப் பார்த்தான். ஞானாம்பாள் மகனைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம் வெச்சேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள்... அனுராதா! சதீஷின் மனைவி!

"அனு... நீயா?!"

"சட்டைப் பையில டிக்கெட்டையும், டிரங்குப் பெட்டி சாவியையும், கடல் வத்தற நேரம் எழுதின பேப்பரையும் வெச்சு, துவைக்கப் போட்டீங்க. கோயம்புத்தூர்ல ஏதுங்க கடல்?"

சதீஷ் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான்.

"நேரா கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. அத்தை ஒரு சத்தம் போட்டா எல்லாம் தானா வெளிய வரும்னு நெனச்சேன். சுந்தரியக்கா... உங்க மேல பழி வரும்னு சத்தியமா நெனக்கல. மன்னிச்சுக்குங்க."

"அது கெடக்கட்டும்மா. அந்தப் பூச்சில எனக்கு ரெண்டு வாங்கிக் குடு" என்றாள் சுந்தரி.

சதீஷ் மெல்ல மனைவியின் பக்கத்தில் வந்தான்.

"அப்ப... அந்தமான் கேன்சலா?"

"யாரு சொன்னா? உங்க பக்கத்து சீட்டுக்குப் போன வாரமே நான் டிக்கெட் போட்டாச்சு. உளுந்து வயலை அத்தை பாத்துக்குவாங்க."

சதீஷின் முகத்தில் உயிர் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"நான் மீனைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுக்கிட்டே இருப்பேன். நீ அங்க வந்து என்ன பண்ணப் போறே?"

அனுராதா அவன் சட்டைக் காலரைச் செல்லமாகப் பற்றினாள்.

"விடறது உங்க பழக்கம். நான் பிடிச்சா விடறதில்லைங்க!"