பன்னிரண்டாம் பாகம் நாலாவதாக வந்தது

தடதடவென்று கூரைத் தகரம் அதிர்ந்தது.

"குரங்கு! குரங்கு!" என்று கத்திக்கொண்டு அனோஜா துள்ளி எழுந்தாள்.

வழக்கமாகச் சனிக்கிழமைகளில் குரங்குகள் கூரையில் குதித்தால் அந்த வீட்டுக்குள் அயல் பிள்ளைகளும் அவளுமாக ஆறு பேர் ஒன்றாகக் கத்துவார்கள். சாருஜன் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவான். நிரோஜா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இன்றைக்கு அனோஜாவின் குரல் மட்டும்தான் கேட்டது. விரித்திருந்த பெரிய பாயில் அவளுடைய தம்பி விதுசன் மட்டும் கிடந்தான். ஐந்து வயது. அவனை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அம்மா, ஒருத்தரும் வரேல்லையே?"

"எல்லாரும் லக்சிகா வீட்டை போகினம். இப்பதான் படலையடியாலை போனவை," என்று குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னார். "நீயும் போவன்."

"நான் ஏன் போகோணும்?"

விசுவமடுவில் அந்த ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் 'நிலாத்தரை ஒன்பது' என்ற விண்வெளித் தொடரைக் காட்டியவளே அனோஜாதான். சந்தியில் உள்ள தொலைபேசிக் கடையில் அப்பா பன்னிரண்டு பாகங்களையும் பென்ரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சித்திரை விடுமுறை முழுக்க எல்லோரும் இந்தப் பாயில்தான் இருந்து பார்த்தார்கள்.

ரிமோட் அனோஜாவின் கையில் இருந்தது. அவர்களுடைய பழைய தொலைக்காட்சி, ஒரு பாகம் முடிந்தால் அப்படியே நின்றுவிடும். அடுத்த பாகத்தைத் தேடிப் பிடித்துப் பொத்தானை அமத்த வேண்டும். ஒரு நாளும் அவள் மாற்றி அமத்தியதில்லை, பிழை விட்டதில்லை.

"அனோஜா போட்டா பிழைக்காது," என்று சாருஜன் சொல்லுவான். அதைக் கேட்க அவளுக்குக் கச்சான் அல்வா தின்பது போல இருக்கும்.

போன கிழமை லக்சிகா வீட்டுக்குப் புதுத் தொலைக்காட்சி வந்தது. கதவளவு அகலம். லக்சிகாவும் அதே கடையில் அதே தொடரை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"பார்த்த கதையைத் திருப்பிப் பார்க்க ஆர் போவினம்?" என்று அனோஜா சிரித்தாள்.

எல்லோரும் போனார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில் நிரோஜா ஓடி வந்தாள். "லக்சிகா வரிசையை மாத்திப் போட்டிருக்கிறாள், தெரியுமே? முதலாம் பாகம் முடியப் பத்தாம் பாகம்! பிறகு பதினொண்டு. பன்னிரண்டாம் பாகம் நாலாவதா வருது. அதுக்குப் பிறகுதான் ரெண்டு!"

"பிழையாப் போட்டிருப்பாள்."

"சாருஜனும் அப்பிடித்தான் கேட்டவன். 'பிழையில்லை, நான்தான் யோசிச்சு வரிசைப்படுத்தினனான்' எண்டு அவள் சொல்லிப்போட்டாள். என்ன மூளை பார்!"

என்ன மூளை பார்! அந்த மூன்று சொற்களும் இரவில் அனோஜாவின் சோற்றுக்கோப்பைக்குள்ளும் கிடந்தன.

சரி, வரிசையை மாற்றுவது பெரிய வேலையா? அவளும் மாற்றினாள். பன்னிரண்டில் தொடங்கி ஒன்றில் முடிப்பது! சனிக்கிழமை வரச்சொல்லி எல்லோருக்கும் சொல்லி வைத்தாள். இப்போது பாயில் விதுசன் மட்டும் இருக்கிறான்.

"ஆர் வராட்டிலும் பரவாயில்லை. நீ பார்," என்று பன்னிரண்டாம் பாகத்தைப் போட்டாள்.

விண்கலம் பூமியில் வந்து இறங்கியது. கப்டன் தன் மகளைத் தூக்கிக்கொண்டார். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். 'முற்றும்' என்று எழுத்து வந்தது.

"முடிஞ்சுதே அக்கா?"

"இல்லையடா, இப்பதான் தொடக்கம்."

"எல்லாரும் வீட்டை வந்திட்டினமே! இனி என்ன கதை?"

விதுசன் எழும்பிக் குரங்கு பார்க்கப் போய்விட்டான்.

அனோஜா வெறும் பாயைப் பார்த்தாள். பிறகு, "அம்மா, தம்பி லக்சிகா வீட்டை போகோணும் எண்டு கேக்கிறான். கூட்டிக்கொண்டு போறன்!" என்று கத்தினாள்.

"நான் கேக்கேல்லையே!" என்றான் விதுசன்.

"வாயை மூடிக்கொண்டு வா."

லக்சிகா வீட்டு மண்டபத்தில் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய சட்டி நிறைய அவித்த கச்சான் கடலை. லக்சிகா ரிமோட்டோடு கதிரையில் இருந்தாள்.

"வா அனோஜா, இப்பதான் ஐஞ்சாம் பாகம் தொடங்குது."

அனோஜா கதவடியில் இருந்தாள். உள்ளே வா என்று யாராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் இழுக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் திரையில்.

திரையில் விண்கலத்து டொக்டர், கப்டனுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். இந்த டொக்டர்தான் விண்கலத்தைப் பழுதாக்கியவர். பதினோராம் பாகத்தில்தான் அது வெளியே வரும். இங்கே அந்தப் பாகம் முன்னமே ஓடிவிட்டது. அனோஜா வீட்டில் பார்த்தபோது இந்தத் தேத்தண்ணியை ஒருவரும் கவனிக்கவில்லை. "நல்ல மனுசன்," என்றுகூடச் சாருஜன் சொன்னான்.

இப்போது சாருஜன் எழும்பி நின்றே கத்தினான்: "குடிக்காதேங்கோ! கப்டன், குடிக்காதேங்கோ!"

"குடிக்காதேங்கோ!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அனோஜாவின் வாயும் கத்திவிட்டது. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து மின்மினி என்ற குட்டி ரோபோ வந்து பாட்டுப் பாடியது. பத்தாம் பாகத்தில் எல்லோரையும் காப்பாற்றப் போய் எரிந்து போகிற ரோபோ அது.

"பாவம், தனக்கு என்ன நடக்கப்போகுதெண்டு அதுக்குத் தெரியாது," என்று நிரோஜா மூக்கை உறிஞ்சினாள்.

அனோஜாவும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். இந்தப் பாட்டை இரண்டு முறை கேட்டிருக்கிறாள். ஒரு முறையும் இப்படி இருக்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. இந்த வரிசை எனக்கு ஏன் தோன்றவில்லை?

'டப்' என்று திரை இருண்டது. மின்விசிறி நின்றது.

"கறண்ட் போச்சு!"

பிள்ளைகள் கச்சானை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். லக்சிகா கதிரையை விட்டு அசையவில்லை. அனோஜாவும் கதவடியிலேயே இருந்தாள். அவள் யாரோடு போய் விளையாடுவது?

பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. தொலைக்காட்சி திரும்ப உயிர்பெற்றது. ஆனால் விட்ட இடத்தில் தொடங்கவில்லை. பென்ரைவில் உள்ள பாகங்களின் பட்டியல் திரையில் வந்து நின்றது.

1, 10, 11, 12, 2, 3, 4...

அனோஜா கண்ணை அகல விரித்தாள். ஒன்றில் தொடங்கும் எண்களை எல்லாம் தொலைக்காட்சி முன்னுக்குச் சேர்த்து வைத்திருந்தது! பெயரின் முதல் எழுத்தை மட்டும் பார்த்து இடாப்பில் பெயர் எழுதுவது போல. ஒரு பாகம் முடிய, அந்த வரிசைப்படி அடுத்ததை அதுவே ஓட்டியிருக்கிறது.

லக்சிகா யோசிக்கவும் இல்லை, வரிசைப்படுத்தவும் இல்லை. எல்லாம் தொலைக்காட்சி செய்த வேலை!

என்ன மூளை பார்!

"சாருஜன், இஞ்சை ஓடி வந்து பார்!" அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் திரும்ப அவளுடைய பாயில் இருப்பார்கள். அவள் வாயைத் திறந்தேவிட்டாள்.

"கறண்ட் வந்திட்டுது!" முற்றத்தில் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது.

லக்சிகா ரிமோட்டை மாறி மாறி அமத்தினாள். பட்டியல் போகவில்லை. அவள் திரும்பி அனோஜாவைப் பார்த்தாள்.

அந்த முகம் அனோஜாவுக்குத் தெரியும். இன்றைக்கு வெறும் பாயைப் பார்த்தபோது அவளுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் ஒரே பாய்ச்சலில் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாள். கதவளவு திரையை ஒரு பத்து வயதுப் பிள்ளை எப்படி மறைப்பது? இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள்.

"தள்ளடி! ஒண்டும் தெரியேல்லை!" என்று சாருஜன் கத்தினான்.

"பொறடா! லக்சிகா, ரிமோட்டைத் தா. உன்ரை வரிசையிலை ஐஞ்சாம் பாகம்தானே பாதியிலை நிண்டது?"

லக்சிகாவின் தலை மெல்ல ஆடியது. அனோஜா ரிமோட்டை வாங்கி, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்து, இரண்டே அமத்தலில் ஐந்தாம் பாகத்தைப் பிடித்தாள். அது முதலிலிருந்து ஓடியது. மறுபடியும் தேத்தண்ணி வந்தது.

"குடிக்காதேங்கோ!"

இந்த முறை அனோஜாவின் குரல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்டது.

"பாத்தியளே, அனோஜா போட்டா பிழைக்காது," என்றான் சாருஜன், வாய் நிறையக் கச்சானோடு. லக்சிகா குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு லக்சிகா, விதுசனின் இரண்டு பொக்கற்றிலும் கச்சானை நிரப்பினாள். படலை வரைக்கும் கூட வந்தாள்.

"நீ கண்டனி, என்ன?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

அனோஜா செருப்பால் மணலைத் தள்ளினாள். "தேத்தண்ணி ஊத்தேக்க எனக்கும் பயமா இருந்தது. ரிவி போட்ட வரிசை எண்டாலும் நல்ல வரிசைதான். அடுத்த முறை நாங்கள் ரெண்டு பேரும் இருந்து உண்மையாவே ஒரு வரிசை போடுவமே? பன்னிரண்டிலை மட்டும் தொடங்க வேண்டாம். விதுசன் எழும்பிப் போயிடுவான்."

"ஓம், போயிடுவன்," என்றான் விதுசன்.

லக்சிகா சிரித்துவிட்டாள்.

"அது சரி," என்றாள் அனோஜா. "முதல் நாளே 'வரிசை பிழைச்சுப் போச்சு' எண்டு சொல்லியிருக்கலாமே? ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம். ஏன் நீ போட்டதெண்டு சொன்னனி?"

லக்சிகா படலையின் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"பிழைச்சுப் போச்செண்டு நான் சொன்னா, 'அனோஜா போட்டா பிழைக்காது' எண்டு சொல்லிக்கொண்டு எல்லாரும் எழும்பி உன்ரை வீட்டையெல்லோ ஓடி வந்திருப்பினம்!"